நடந்துகொண்டே எடுக்கும் ஈஈஜியில் அசைவுப் பிசிறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நடப்பவரின் மூளை அலைகளைப் பதிவு செய்ய முயல்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். துறைக்குப் புதியவர்களுக்காக முதல் சில பதில்கள் அடிப்படையிலிருந்து தொடங்கும். தொப்பி மாட்டி, ஜெல் போட்டு, விரல் பிசுபிசுத்த அனுபவம் உள்ளவர்கள் நேராக 'சராசரி' பற்றிய கேள்விக்குப் போய்விடலாம். சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது.

அசைவுப் பிசிறு என்று எதைச் சொல்கிறோம்?

தலைத்தோலின் மேல் மின்முனைகளை வைத்து, மூளைப் புறணியின் நரம்பணுக்கள் கூட்டாக எழுப்பும் மிகச் சிறிய மின்னழுத்த மாற்றங்களைப் பதிவதுதான் ஈஈஜி. ஹான்ஸ் பெர்கர் 1924-இல் மனிதரிடம் முதன்முதலாக இதைப் பதிவு செய்து, 1929-இல் வெளியிட்டார். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகளுக்கு ஆய்வகங்களில் ஒரே விதி: ஆடாமல் அசையாமல் உட்காருங்கள், முடிந்தால் கண்ணைக்கூடச் சிமிட்டாதீர்கள்.

ஆள் எழுந்து நடக்கத் தொடங்கியதும், மூளையிலிருந்து வராத மின்னழுத்த மாற்றங்களும் அதே கம்பி வழியாக உள்ளே வருகின்றன. மின்முனையும் தோலும் கேபிளும் அசைவதால் பிறக்கும் இந்த மாற்றங்களைத்தான் இங்கே அசைவுப் பிசிறு என்கிறேன். கருவிக்கு எது மூளை, எது பிசிறு என்று தெரியாது. அது வெறும் வோல்ட்டைத்தான் அளக்கிறது.

மூளை அலையோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு பெரிது?

தலைத்தோலில் கிடைக்கும் மூளை அலையின் உயரம் பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரோவோல்ட். தோல் சற்று இழுபட்டாலே அதன் இயல்பான மின்னழுத்தம் சில மில்லிவோல்ட் மாறக்கூடும். 1 மில்லிவோல்ட் என்பது 1000 மைக்ரோவோல்ட். கணக்கு உங்களுக்கே புரியும்.

சரி, இது எங்கிருந்துதான் வருகிறது?

ஒரே இடத்திலிருந்து வந்தால் இந்தப் பக்கத்துக்கே தேவை இருந்திருக்காது.

முதல் இடம், மின்முனை ஜெல்லைத் தொடும் எல்லை. வெள்ளி, வெள்ளி குளோரைடு மின்முனை ஜெல்லில் பட்டதும் அந்த எல்லையில் மின்னூட்டங்கள் ஓர் அடுக்காக அமைந்துவிடும். யாரும் தொந்தரவு செய்யாதவரை அது நிலையான ஓர் அழுத்தம்தான், பதிவைப் பாதிக்காது. மின்முனை ஒரு மயிரிழை நகர்ந்தாலும் அந்த அடுக்கு கலைகிறது. மறுபடி அமையும் வரை கோடு அலைபாயும்.

இரண்டாவது, தோல். தோலின் மேலடுக்குக்கும் உள்ளடுக்குக்கும் இடையே எப்போதுமே ஓர் அழுத்த வேறுபாடு உண்டு. தோலை இழுத்தாலோ அழுத்தினாலோ அது மாறும். மின்முனை வைக்கும் இடத்தை லேசாகத் தேய்த்துவிட்டுப் பதிவு செய்தால் பிசிறு குறைவதற்கு இதுவே காரணம். தேய்ப்பது மின்தடையைக் குறைக்க மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள்.

மூன்றாவது, கேபிள். கம்பி வளையும்போதும் உரசும்போதும் அதன் காப்புறையில் மின்னூட்டம் பிறக்கிறது. போதாததற்கு, தொங்கும் கேபிள் ஊஞ்சல் மாதிரி ஆடி மின்முனையையே பிடித்து இழுக்கும். என் அனுபவத்தில் பாதித் தொல்லைக்குக் கேபிள்தான் பொறுப்பு.

ஒரு பதிவு இன்னும் நினைவிருக்கிறது. வலது குதிகால் தரையில் படும்போதெல்லாம் பின்மண்டையின் வலப்பக்க மூன்று சேனல்களில் (ஒரு மின்முனையின் பதிவுதான் ஒரு சேனல்) அழகான ஒரு பள்ளம். இடது காலுக்கு ஒன்றுமில்லை. நேரம் துல்லியம், வடிவம் சீர். இரண்டு நாள் அதைப் புறணியின் வேலை என்றே நம்பிக்கொண்டிருந்தேன். அப்புறம் நடையின் காணொளியை ஓட்டிப் பார்த்தபோதுதான் அந்தப் பக்கத்துக் கேபிள் கட்டு முதுகுப் பையின் வாரில் ஒவ்வொரு வலது அடிக்கும் ஒரு தட்டு தட்டுவது தெரிந்தது. டேப் போட்டு ஒட்டி மறுபடி எடுத்தோம். பள்ளம் போன இடம் தெரியவில்லை.

கழுத்துத் தசையும் கண்ணும் இதே கணக்கில் வருமா?

இல்லை. அவற்றைத் தனியாகப் பிரித்துப் பார்ப்பதுதான் நல்லது. தசை, கண் இரண்டும் உடலுக்குள் பிறக்கும் உண்மையான மின்சாரம். ஆனால் நமக்கு வேண்டாதது. தலையை நேராக நிறுத்தக் கழுத்துத் தசைகள் அடிக்கு அடி வேலை செய்கின்றன. அவற்றின் மின்னலை சுமார் 20 ஹெர்ட்ஸில் தொடங்கி நூற்றுக்கணக்கான ஹெர்ட்ஸ் வரை பரவிக் கிடக்கும், அதாவது மூளையின் வேகமான அலைகளான பீட்டா, காமாவின் மேலேயே. நடக்கும்போது தலை சில சென்டிமீட்டர் மேலும் கீழும் போகிறது. பார்வை குலையாமல் இருக்கக் கண் அதற்கு எதிராகச் சுழல்கிறது. கண் ஒரு சிறிய பேட்டரி மாதிரி: கருவிழிப் பக்கம் நேர், பின்பக்கம் எதிர். ஆகவே ஒவ்வொரு அடிக்கும் முன்மண்டைச் சேனல்களில் ஒரு மெல்லிய அலை எழும்.

இந்த இரண்டையும் பிரித்தெடுக்க ஓரளவு நம்பகமான வழிகள் வந்துவிட்டன. மின்முனையும் கேபிளும் அசைவதால் வருவதுதான் இன்னும் முரண்டு பிடிக்கிறது.

நூற்றுக்கணக்கான அடிகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் பிசிறு மறைந்துவிடாதா?

மறையாது. நடையில் ஈஈஜி எடுப்பவர்கள் முதலில் மனத்தில் பதிக்க வேண்டியது இதைத்தான்.

உட்கார்ந்து செய்யும் சோதனைகளில் சராசரி நன்றாக வேலை செய்வது ஏன்? அங்கே இரைச்சல் தன் போக்கில் வருகிறது. ஒலியோ படமோ காட்டப்படும் கணத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை. 100 மைக்ரோவோல்ட் அளவுள்ள அப்படிப்பட்ட இரைச்சல், 400 முறை சராசரி எடுத்தால் 400-இன் வர்க்கமூலமான 20 மடங்கு குறைந்து 5 மைக்ரோவோல்ட்டாகிவிடும்.

நடையில் அப்படி இல்லை. குதிகால் தரையில் படும் கணத்தை வைத்துப் பதிவைத் துண்டுகளாக வெட்டி, 400 சுழற்சிகளைச் சராசரி எடுக்கிறீர்கள். தொப்பி குலுங்குவதும், கேபிள் ஆடுவதும், தோல் இழுபடுவதும் அதே குதிகால் படுவதால்தான் நடக்கின்றன. பிசிறும் நீங்கள் தேடும் மூளை அலையும் ஒரே கடிகாரத்தைப் பார்த்து ஓடுகின்றன. அடியோடு சேர்ந்து வரும் 5 மைக்ரோவோல்ட் பிசிறு, 400 முறை சராசரி எடுத்த பின்பும் 5 மைக்ரோவோல்ட்டாகவே நிற்கும். சொல்லப்போனால் நிலைமை இன்னும் மோசம்: மற்ற இரைச்சலெல்லாம் அடங்கிப்போவதால் அது முன்பைவிடத் தெளிவாகத் தெரியும். குழம்பிக் கிடக்கும் மூலப் பதிவைப் பார்த்து யாரும் ஏமாறுவதில்லை. ஏமாறுவதெல்லாம் பளிச்சென்ற சராசரிப் படத்தைப் பார்த்துத்தான்.

இதிலேயே ஒரு வழியும் இருக்கிறது. நீங்கள் தேடுவது அடியோடு சம்பந்தமில்லாத ஒன்று என்றால், உதாரணமாக நடந்துகொண்டே கேட்கும் ஒலிக்கு மூளை தரும் பதில் என்றால், அந்த ஒலியை அடிகளோடு ஒட்டாத நேரங்களில் ஒலிக்கவிடுங்கள். அப்போது சராசரி மறுபடி உங்கள் பக்கம் வேலை செய்யும். ஒரே எச்சரிக்கை: ஒலிகளைச் சீரான இடைவெளியில் வைக்காதீர்கள். தாளம் கேட்டால் மனிதக் கால் தன்னையறியாமல் அதோடு சேர்ந்துவிடும். நடப்பவருக்கே தெரியாமல் அடியும் ஒலியும் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருவீர்கள்.

நடையின் அதிர்வெண் தெரியுமே, அதை மட்டும் ஃபில்டரில் வெட்டிவிட்டால்?

நடை வெறும் சைன் அலையாக இருந்தால் வெட்டலாம். குதிகால் மோதுவது ஒரு குத்து. குத்துக்கு அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் மடங்குகளும் வரிசையாக வரும்.

ஒரு கணக்கு போடுவோம். ஒருவர் வினாடிக்கு 1.8 அடி வைக்கிறார். பிசிறு 1.8-இல் இருக்கும், அப்புறம் 3.6, 5.4, 7.2, 9.0, 10.8 என்று ஏறிக்கொண்டே போகும். 9.0, 10.8 இரண்டும் ஆல்ஃபா அலை இருக்கும் 8 முதல் 13 ஹெர்ட்ஸுக்குள் விழுகின்றன. வலது, இடது அடிகள் சமச்சீராக இல்லாவிட்டால் (யாருக்குத்தான் இருக்கிறது?) 0.9-இன் மடங்குகளும் சேர்ந்துகொள்ளும். இத்தனையையும் வெட்டினால் மிஞ்சுவது சல்லடை. மேலும், நடப்பவர் இயந்திரம் அல்ல. அடியின் வேகம் கொஞ்சம் கூடிக் குறைவதால் ஒவ்வொரு கோடும் தடித்துப்போகும், மேல் மடங்குகளில் இன்னும் அதிகமாக.

1 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள மெதுவான அலைச்சலை எடுக்க ஃபில்டர் உதவும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள்.

ஆக்டிவ் மின்முனை வாங்கினால் தீர்ந்துவிடுமா? வயர்லெஸ் கருவி?

ஆக்டிவ் மின்முனையில் சிறிய ஆம்ப்ளிஃபயர் தலையிலேயே உட்கார்ந்திருக்கிறது. கேபிளில் ஏறும் தொல்லை வெகுவாகக் குறையும். ஆனால் தோலுக்கும் மின்முனைக்கும் நடுவே பிறக்கும் பிசிறு அந்த ஆம்ப்ளிஃபயருக்கு முன்பாகவே நுழைந்துவிடுகிறது. அதையும் அது விசுவாசமாகப் பெருக்கித் தரும். வயர்லெஸ்ஸிலும் இதே கதைதான்: நீளக் கேபிள் ஒழிந்தது, தொப்பியிலிருந்து பெட்டிக்குப் போகும் குட்டைக் கேபிள்கள் அப்படியே இருக்கின்றன. பணம் இருந்தால் இரண்டையும் வாங்குங்கள், தவறில்லை. ஜெல் இல்லாத உலர் மின்முனையை மட்டும் நடைக்கு என்னால் பரிந்துரைக்க முடியாது. மாட்டுவது சுலபம், நகர்வது அதைவிடச் சுலபம்.

தலையில் ஒரு ஆக்சிலெரோமீட்டர் வைத்து, அந்த அசைவைக் கழித்துவிட்டால்?

எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை. ஆக்சிலெரோமீட்டர், அதாவது முடுக்கத்தை அளக்கும் சிறு கருவி, வையுங்கள், கட்டாயம் வையுங்கள். ஆனால் கழிப்பதற்காக அல்ல, சரிபார்ப்பதற்காக. ஒரு கருவி தலை முழுவதற்கும் ஒரே முடுக்கத்தைச் சொல்கிறது. பிசிறோ மின்முனைக்கு மின்முனை வேறு: காதருகே இறுக்கமாக இருக்கும் மின்முனை ஒரு மாதிரி, உச்சியில் அடர்ந்த முடிமேல் மிதக்கும் மின்முனை வேறு மாதிரி. முடுக்கம் இரட்டிப்பானால் பிசிறும் இரட்டிப்பாகும் என்ற நேர்கோட்டு உறவும் இல்லை.

மூளை அலை கலக்காமல் பிசிறை மட்டும் பதிவு செய்ய முடியுமா?

முடியும். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான். 2015-இல் வெளியான ஓர் ஆய்வில் நடையை ஆராயும் டேனியல் ஃபெரிஸின் குழு, நடப்பவர்களின் தலையில் முதலில் சிலிக்கோன் நீச்சல் தொப்பியை மாட்டியது. சிலிக்கோன் மின்சாரத்தைக் கடத்தாது, ஆகவே மூளை, கண், தசை எதுவும் வெளியே வராது. அதன் மேல் மின்சாரம் கடத்தும் செயற்கைத் தலைத்தோல் மாதிரி ஓர் அடுக்கு. அதற்கு மேல் வழக்கமான ஈஈஜி தொப்பி. இந்த நிலையில் ட்ரெட்மில்லில் வெவ்வேறு வேகங்களில் நடக்கவைத்தார்கள். பதிவில் வந்ததெல்லாம் பிசிறு மட்டுமே.

அந்தப் பிசிறு நடைச் சுழற்சியோடு ஒட்டி ஏறி இறங்கியது. பார்க்க மூளைச் செயல்பாடு போலவே இருந்தது. ஆளுக்கு ஆள், வேகத்துக்கு வேகம், மின்முனைக்கு மின்முனை மாறியது. நகரும் சராசரியைக் கழிப்பது, சமிக்ஞையைச் சிற்றலைகளாகப் பிரித்துச் சுத்தம் செய்யும் வேவ்லெட் முறை இரண்டுமே அதை முழுதாக நீக்கவில்லை. மூளை அலையே இல்லாத பதிவில் சோதித்ததால், 'நீக்கியது பிசிறா மூளையா' என்ற வாதத்துக்கு இடமே இல்லாமல் போனது.

இதே சிந்தனையிலிருந்து அப்புறம் இரட்டை மின்முனைத் தொப்பி வந்தது. ஒவ்வொரு மின்முனையின் முதுகிலும் இன்னொரு மின்முனை வெளிப்பக்கம் பார்த்து ஒட்டப்பட்டிருக்கும். அது தலையைத் தொடாது. இரண்டும் சேர்ந்தே குலுங்கும், கேபிள்களும் சேர்ந்தே ஆடும். ஆக வெளியே பார்ப்பது பிசிறை மட்டும் பதிவு செய்கிறது. இன்றைக்கு வன்பொருளில் கிடைக்கும் வழிகளில் இதுதான் நியாயமானது என்பேன். தொப்பியின் எடை கூடுவதும் சேனல்கள் இரட்டிப்பதும் அதற்கான விலை.

ஐசிஏ போட்டால் போதுமா?

ஐசிஏ என்பது பல சேனல்களில் கலந்து கிடக்கும் சமிக்ஞைகளை, ஒன்றையொன்று சாராத கூறுகளாகப் பிரிக்கும் கணிதம். கண் சிமிட்டல், கழுத்துத் தசை, இதயத் துடிப்பு ஆகியவற்றை அது அருமையாகப் பிரித்துத் தரும். அவை தலையில் ஒரே இடத்திலிருந்து ஒரே மாதிரி பரவுவதுதான் காரணம். ஆடும் கேபிளுக்கு அப்படி நிலையான இடமில்லை. இந்த அடிக்கு ஒரு வரைபடம், அடுத்த அடிக்கு வேறொன்று. ஐசிஏ அதை ஏழெட்டுக் கூறுகளாகச் சிதறடித்து, மூளைக் கூறுகளுக்கு இருக்க வேண்டிய இடத்தையும் தின்றுவிடும். அதனால் பெரிய பிசிறை முதலில் வேறு வழியில் குறைத்துவிட்டு, அதன் பிறகு ஐசிஏ போடுவதே ஒழுங்கு. க்வின், ஃபெரிஸ் முதலானோர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில் ஓட்டத்துக்கு அப்படித்தான் செய்தார்கள்: முதலில் அடிச் சுழற்சிகளிலிருந்து பிசிறின் பொது வடிவத்தை எடுத்துக் கழித்தார்கள், பிறகு கூறுகளாகப் பிரித்தார்கள்.

தரவின் நீளத்தையும் கவனியுங்கள். சேனல் எண்ணிக்கையின் வர்க்கத்தைப் போல் 30 மடங்கு மாதிரிப் புள்ளிகளாவது வேண்டும் என்பது புழக்கத்தில் உள்ள கைக்கணக்கு. 64 சேனல் என்றால் 4,096 × 30 = 1,22,880 புள்ளிகள்; வினாடிக்கு 250 வீதம் 8 நிமிடத்துக்குச் சற்று மேல். 128 சேனலுக்குப் போனால் 33 நிமிடம். நோயாளி ஒருவரை 33 நிமிடம் நடக்கச் சொல்ல முடியுமா என்பதைத் தொப்பி வாங்கும் முன்பே யோசித்துவிடுங்கள்.

இன்னொன்று: கூறுகளுக்குத் தானாகப் பெயரிடும் ஐசிலேபிள் மூளை, தசை, கண், இதயம், மின்கம்பி இரைச்சல், சேனல் இரைச்சல், மற்றவை என ஏழு வகைகளாகத்தான் பிரிக்கும். 'அசைவு' என்று ஒரு வகையே அதில் இல்லை. அசைவுக் கூறு ஏதாவது ஒரு பெட்டியில் விழுந்தாக வேண்டும். சில நேரம் 'மூளை' பெட்டியிலும் விழும். கண்ணால் பார்க்காமல் அதன் சொல்லை ஏற்காதீர்கள்.

ஏஎஸ்ஆரில் வரம்பை எவ்வளவு வைப்பது?

ஏஎஸ்ஆர் என்பது பிசிறைத் தானாக நீக்கும் ஒரு மென்பொருள் முறை. அது முதலில் சுத்தமான ஒரு துண்டைப் பார்த்து 'இயல்பு' எது என்று கற்றுக்கொள்ளும். பிறகு அதிலிருந்து அளவுக்கு மீறித் துள்ளும் பகுதிகளை மட்டும் நீக்கி, மற்ற சேனல்களைக் கொண்டு இட்டு நிரப்பும். வரம்பு திட்ட விலக்கத்தில் சொல்லப்படுகிறது. 20 முதல் 30 வரை வைப்பது பொதுவான பரிந்துரை; 5 என்று வைத்தால் மூளையையும் சேர்த்துச் சுரண்டிவிடும். கற்றுக்கொள்ள நின்ற நிலைப் பதிவைக் கொடுங்கள். ஆனால் அடிக்கு அடி தவறாமல் வரும் சின்னப் பிசிறு எந்த வரம்பையும் தாண்டாது. சமர்த்தாக உள்ளேயே இருந்துகொள்ளும். ஏஎஸ்ஆர் போட்டாயிற்று என்று நிம்மதியாகத் தூங்க முடியாததற்குக் காரணம் அதுதான்.

எனக்குக் கிடைத்த படத்தில் இருப்பது மூளையா பிசிறா, எப்படித் தெரிந்துகொள்வது?

அடித்துச் சொல்லிவிடும் ஒற்றைச் சோதனை எதுவும் இல்லை. நான் பார்க்கும் வரிசையைச் சொல்கிறேன்.

நேரம்-அதிர்வெண் படத்தில், குதிகால் படும் கணத்தில் கீழிருந்து மேல்வரை எல்லா அதிர்வெண்களிலும் ஒரே நேரத்தில் நெட்டுக்குத்தாக ஒரு பட்டை இருந்தால் உடனே சந்தேகிக்கிறேன். மூளையின் மாற்றங்கள் பெரும்பாலும் ஏதோ ஒரு பட்டையில், ஆல்ஃபாவிலோ பீட்டாவிலோ, இருக்கும். 4-இலிருந்து 100 ஹெர்ட்ஸ் வரை ஒரே மூச்சில் எழுவதில்லை. அடுத்து தலைவரைபடம். தலையின் விளிம்பு மின்முனைகளில் மட்டும், அல்லது பக்கத்துச் சேனல்களில் சாயல்கூட இல்லாமல் ஒற்றைச் சேனலில் மட்டும் ஒன்று தெரிந்தால், அது புறணியிலிருந்து வந்திருக்க வாய்ப்பு குறைவு. அப்புறம் வேகத்தை மாற்றிப் பார்ப்பேன்: உயரமும் அதிர்வெண்ணும் அடியின் வேகத்தோடு கச்சிதமாக ஏறினால் கை கட்டிக்கொண்டு யோசிக்க வேண்டிய நேரம். கடைசியாக ஆக்சிலெரோமீட்டர் பதிவையும் அதே ஆய்வு வழியில் ஓட்டிப் பார்ப்பேன். காஸ்டர்மான்ஸ் குழு 2014-இல் இதைச் செய்தபோது, ட்ரெட்மில் நடையில் மூளையின் தாளங்கள் என்று கருதப்பட்ட தாழ்ந்த டெல்டா (மிக மெதுவான அலை), உயர்ந்த காமா மாற்றங்களில் அசைவின் மடங்குகள் கலந்திருப்பது தெரியவந்தது.

இத்தனைக்குப் பிறகும் தாக்குப்பிடிக்கும் முடிவுகள் இருக்கின்றன. நிற்பதைவிட நடக்கும்போது உணர்வு-இயக்கப் பகுதிகளில் ஆல்ஃபா, பீட்டா ஆற்றல் தணிவது அப்படி ஒன்று. ஒடுங்கிய கட்டையின் மேல் நடப்பவர் சமநிலை இழக்கும்போது ஆல்ஃபாவைவிட மெதுவான தீட்டா அலையின் ஆற்றல் எழுவது இன்னொன்று. காமாவைப் பற்றி யாராவது பெரிதாகச் சொன்னால் கழுத்தை ஞாபகப்படுத்துங்கள்.

ஈஈஜியை விட்டுவிட்டு வேறு கருவிக்குப் போகலாமா?

காந்தப்புலத்தால் மூளையின் ரத்த ஓட்ட மாற்றங்களைப் படமெடுக்கும் எஃப்எம்ஆர்ஐயில் படுத்துத்தான் ஆக வேண்டும். அகச்சிவப்பு ஒளியால் ரத்த ஓட்டத்தை அளக்கும் எஃப்நிர்ஸ் நடையைத் தாங்கும். ஆனால் அது வினாடிக்கணக்கில் மெதுவானது, ஓர் அடிக்குள் நடப்பதைக் காட்டாது. நடையால் தலைத்தோலின் ரத்த ஓட்டம் கூடுவதும் அதில் கலக்கும். மூளையின் காந்தப்புலத்தை அளக்கும், தலையில் அணியும் காந்தமானியை 2018-இல் செய்து காட்டினார்கள், அருமையான கருவி. ஆனால் அதற்குக் காந்தக் கவச அறை வேண்டும். அறையில் மிஞ்சியிருக்கும் காந்தப்புலத்துக்குள் தலை நகர்ந்தால் அதுவே புதுப் பிசிறு.

பதிவுக்கு முன் எதில் நேரம் செலவழிப்பது?

கேபிளில். மின்முனைக்கு அருகே சிறு தளர்வு விட்டு, மீதியைச் சேர்த்துக் கட்டித் தொப்பியோடு ஒட்டி, அதன் மேல் வலைத்தொப்பி ஒன்றை மாட்டுங்கள். ஆம்ப்ளிஃபயரை இடுப்பில் அல்லாமல் மேல்முதுகில் வையுங்கள். தலைக்கும் அதற்கும் இடையே ஆட்டம் குறையும். பிறகு அந்த இடத்திலேயே தலையை ஆட்டச் சொல்லி, குதிக்கச் சொல்லித் திரையைப் பாருங்கள். எந்தச் சேனல் உச்சவரம்பில் போய் முட்டி நிற்கிறதோ அதை அப்போதே சரி செய்யுங்கள். ஆம்ப்ளிஃபயர் நிரம்பிப்போன இடத்தில் தகவலே கிடையாது. எந்த மென்பொருளும் அதை மீட்டுத் தராது.

முதியவர்களையும் இளையவர்களையும், அல்லது நோயாளிகளையும் மற்றவர்களையும் ஒப்பிடலாமா?

ஒப்பிடலாம், ஆனால் இதில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். ஒரு குழு மெதுவாக, சிறு அடி வைத்து நடக்கிறது, இன்னொன்று வேகமாக. பிசிறின் அளவு இரண்டிலும் வேறு. சுத்தம் செய்த பின் மிஞ்சும் பிசிறும் வேறு. பிறகு 'இரு குழுக்களின் மூளைச் செயல்பாட்டில் வேறுபாடு' என்று ஒரு முடிவு வந்து நிற்கும். இருவரையும் ஒரே வேகத்தில் நடக்கவைத்தாலும் முழுத் தீர்வாகாது: ஒருவருக்கு இயல்பான வேகம் இன்னொருவருக்கு ஓட்டமும் நடையுமாக இருக்கும்.

நான் செய்வது இரண்டு. ஒவ்வொருவரையும் குறைந்தது மூன்று வேகங்களில் நடக்கவைத்து, குழு வேறுபாடு வேக வேறுபாட்டைவிடப் பெரிதா என்று பார்ப்பேன். அடுத்து, ஈஈஜியில் எந்த அளவைக் குழுக்களிடையே ஒப்பிடுகிறேனோ, அதே அளவைத் தலையின் முடுக்கத்திலும் ஒப்பிடுவேன். முடுக்கத்திலும் அதே வேறுபாடு அதே இடத்தில் வந்தால், கட்டுரை எழுத உட்காராமல் தொப்பியைக் கழுவிக் காயப்போட்டுவிட்டு அடுத்த பதிவுக்கு ஆள் தேடுவேன்.